மாவில் பட்ட கையும் சட்னியில் பட்ட கையும்

காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சிற்றுண்டிச்சாலையின் சமையற்கட்டில், முதலாளியின் அனுமதியோடு, அடுப்புக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே ஒருவர் நிற்கக்கூடிய இடத்தில் ஒதுங்கி நின்று, விடியற்காலை நாலு மணி முதல் ஏழு மணி வரையில் அங்கே நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் ஒருமுறை எனக்கு வாய்த்தது. முதல் நாள் மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு அண்டாவின் விளிம்பு வரை பொங்கி நின்றது. இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் முழங்கை வரையில் கையை அதற்குள் விட்டு, அடிமாவு மேலே வரும்படி நன்றாகக் கலக்கினார். கலக்கிய கையை விளிம்பில் வழித்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் அலம்பி, இடுப்பில் சுற்றியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டார். அடுத்த காரியமாக, கிரைண்டரில் அரைபட்டிருந்த தேங்காய்ச் சட்னியை அதே கையால் வழித்து எவர்சில்வர் வாளியில் போட்டு, தொட்டித் தண்ணீரை இரண்டு சொம்பு விட்டு நீட்டி, மேலே கொஞ்சம் கடுகு தாளித்துக் கொட்டினார்.

இரண்டு காரியங்களுக்கும் நடுவே கால்மணி நேரங்கூட ஆகவில்லை. கையும் ஒன்றே. ஆனால் மாவில் பட்ட கையினால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வர நியாயமில்லை. சட்னியில் பட்ட கையினாலோ அன்று காலையில் அங்கே உண்ண வந்த இருநூறு பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்திருக்கக்கூடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இன்னது என்று மூன்று ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துவந்த அந்த இளைஞருக்கு ஒருவரும் எடுத்துச் சொன்னதில்லை என்பதை அவரிடம் பேசியபோது அறிந்தேன். அவர் மந்தமானவர் அல்லர். உளுந்து எத்தனை நேரம் ஊறினால் மாவு காணும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்.

மாவின் விஷயத்தை முதலில் பார்ப்போம். அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டு வருகிற லாக்டிக் அமில நுண்ணுயிர்கள், அவற்றுள் முக்கியமாக லியூகோனோஸ்டாக் என்னும் இனம், இரவு முழுவதும் மாவிலுள்ள சர்க்கரைச் சத்தை உண்டு வாயுவையும் அமிலத்தையும் வெளியிடுகின்றன. வாயுவினால் மாவு பொங்குகிறது, அமிலத்தினால் புளிக்கிறது. நன்றாகப் புளித்த மாவில் அமிலநிலை எண் 4.5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறபடியால், மனிதனுக்கு நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே விருத்தியடைய முடிவதில்லை. தப்பிப் பிழைத்தவை ஏதேனும் இருந்தாலும், இட்லிக் கொப்பரையின் 100 டிகிரி ஆவியில் பத்து நிமிஷம் வேகும்போது அவையும் மடிகின்றன. நம் முன்னோர் நுண்ணோக்கி இல்லாமலே கண்டறிந்த இந்த முறையில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும்.

சட்னிக்கோ ஒரு காவலும் இல்லை. தேங்காயும் பொட்டுக்கடலையும் கிருமிக்கு உகந்த ஆகாரம்; தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது; புளிப்போ மிகக் குறைவு; அடுப்பை அது கண்டதேயில்லை. மேலே கொட்டுகிற தாளிப்பின் சூடு வாளி நிறைந்த சட்னியில் ஒரு நொடியில் கரைந்து போகிறது. சாதகமான சூழ்நிலையில் ஒரு பாக்டீரியா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கின்படி ஆறு மணிக்கு விழுந்த ஒன்று, கடைசிப் பந்தி நடக்கும் பதினொரு மணிக்குள் பதினைந்து முறை பிரிந்து 32,768 ஆகிவிடும். கையிலிருந்து விழுவதும் ஒன்றோ இரண்டோ அல்ல. இதில் மிகவும் அபாயகரமான அம்சம் என்னவென்றால், உணவை ஊசிப்போகச் செய்யும் கிருமிகளும் மனிதனை நோயில் தள்ளும் கிருமிகளும் ஒன்றல்ல. முன்னவை நாற்றத்தாலும் நூல் விடுவதாலும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னவை ருசியையும் மணத்தையும் மாற்றாமலே பெருகக்கூடியவை. ஆகையால் ‘மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்று சொல்கிற சமையற்காரர் பொய் சொல்லவில்லை.

வேகாத உணவில் பட்ட கை என்ன செய்யும் என்பதற்கு வைத்திய சரித்திரத்தில் மேரி மாலன் என்னும் அயர்லாந்துப் பெண்மணியின் வாழ்க்கையே பிரசித்தமான சாட்சி. நியூயார்க்கில் செல்வர் வீடுகளில் சமையல் செய்து ஜீவித்த அவர் திடகாத்திரமானவர். தமக்கு டைஃபாய்டு வந்ததாகவே அவர் அறியார். ஆயினும் 1906-ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்ஸ்டர் பே என்னுமிடத்தில் அவர் சமைத்த வீட்டில் பதினொரு பேரில் ஆறு பேர் டைஃபாய்டில் விழுந்தார்கள். அதைத் துப்பறிந்த ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியாளர் மேரி முன்பு வேலை பார்த்த வீடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றபோது, அநேகமாக அவர் போன இடமெல்லாம் அந்தக் காய்ச்சலும் போயிருந்தது தெரியவந்தது. அடுப்பில் வெந்த பதார்த்தங்களில் அவர் கையின் கிருமிகள் மடிந்திருக்க வேண்டும் அல்லவா என்ற கேள்விக்கு சோப்பர் கண்ட விடை, பச்சையாக நறுக்கிய பீச் பழங்களைப் போட்டு அவர் செய்துவந்த ஐஸ்கிரீம். நம் ஊர்த் தேங்காய்ச் சட்னியும் அந்த ஐஸ்கிரீமும் இந்த ஒரு விஷயத்தில் உடன்பிறந்தவை. தமிழக அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை ஓராண்டுக் காலத்துக்குத் தடை செய்ததே, அதையும் அந்தக் குடும்பத்தில் இன்னும் ஓர் உருப்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மேரியின் கதையில் மிச்சமொன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனெனில் வழக்கமாகச் சொல்லாமல் விடப்படும் அந்தப் பகுதியே நம் விஷயத்துக்கு அதிகம் வேண்டியது.

காவிரிக் கரைச் சமையற்கட்டில் சரக்கு மாஸ்டர் சாம்பாருக்கு உப்புப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். கரண்டியை வாயருகே கொண்டுபோகாமல், அதிலிருந்து நாலு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, உள்ளங்கையை நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கரண்டி எச்சிற்படாமல் அண்டாவுக்குத் திரும்பிற்று. தமிழ்நாட்டுச் சமையற்காரர் எவரும் இப்படித்தான் செய்வார். எச்சில் என்கிற கருத்து நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். கிருமி சாஸ்திரமும் இதை ஆமோதிக்கவே செய்யும். ஆனால் நக்கிய உள்ளங்கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிச் சாம்பாரில் தூவியபோது, அந்தக் கருத்தின் எல்லையும் எனக்குப் புலப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த எச்சிலை அவர் கண்டார். துண்டில் ஏறிக்கொண்ட எச்சிலைக் காணவில்லை. நம் ஆசாரம் பெரும்பாலும் யார் தொட்டது என்று கேட்டதே ஒழிய, எப்படித் தொட்டது என்று கேட்கவில்லை. எத்தனையோ தலைமுறைகளாக மனிதரை மனிதர் அடுப்படிக்கு வெளியே நிறுத்திவைத்த அந்த அநியாயத்தால் ஒரு கிருமிகூடச் சாகவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி சுமார் மூன்றில் ஒருவருடைய மூக்கினுள் சதாகாலமும் குடியிருக்கிறது. அது குலம் கோத்திரம் பார்த்துக் குடிபுகுவதில்லை. மூக்கைத் தொட்ட விரலிலிருந்தோ, சீழ் வைத்த வெட்டுக்காயத்திலிருந்தோ அது உணவில் விழுந்து, சூடு ஆறிய நிலையில் சில மணி நேரம் பெருகினால், ஒருவகை நஞ்சைச் சுரந்து வைக்கிறது. மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது.

‘சுட வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை எந்தச் சமையற்கட்டிலும் கேட்கக்கூடியது. அது எவ்வளவு தூரம் தவறு என்பதை உலகத்துக்குக் காட்டியது சோறு. 1971-ஆம் ஆண்டு தொடங்கி இங்கிலாந்தில், சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் கடுமையாக வாந்தியெடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஆராய்ந்தபோது அகப்பட்டது பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி. மண்ணிலிருந்து அரிசியோடு வரும் அது, ஆகாரம் அற்றுப்போகும்போது கெட்டியான ஓர் உறைக்குள் வித்தாக ஒடுங்கிவிடுகிறது. உலை கொதிப்பது அதற்குத் துன்பமில்லை. மற்றக் கிருமிகளெல்லாம் மடிந்தபின், வெதுவெதுப்பான சோற்றில் போட்டியின்றி முளைத்துப் பெருகி அது சுரக்கும் நஞ்சு, 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. ஆனால் அந்தச் சமையற்காரர்கள், வறுப்பதற்கென்று முதல் நாளே வடித்த சோற்றை ஏன் இரவெல்லாம் வெளியில் வைத்தார்கள்? சோம்பலால் அன்று. குளிர்பெட்டியில் வைத்த சோறு பருக்கைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும், வாணலியில் முட்டையோடு புரட்டும்போது உதிராது. வெளியில் ஆறிய சோறோ பூப்போல உதிரும். தொழிலில் நல்ல பேர் வாங்க வேண்டுமென்ற அக்கறையே அங்கே நோய்க்கு வாசலாயிற்று. சுகாதார அதிகாரி சோற்றை வெளியே வைக்காதே என்று மட்டும் கட்டளையிட்டுப் போனால், அவர் தலை மறைந்ததும் சோறு மறுபடி வெளியே வந்துவிடும். இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆழமுள்ள தட்டுகளில் பரப்பினால் சோறு விரைவாக ஆறும், உதிரியாகவும் இருக்கும், அதன்பின் குளிர்பெட்டிக்குப் போகலாம் என்று தொழிலின் பாஷையிலேயே வழி சொன்னால் கேட்பார்கள்.

இந்த ஆறுதல் என்பதும் லேசான விஷயமல்ல. ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. சூடு வெளியேறும் புறப்பரப்போ நாலு மடங்கே ஆகிறது. வீட்டுக் கிண்ணத்தில் அரைமணியில் ஆறும் குருமா, உணவகத்து அண்டாவில் நள்ளிரவிலும் நடுவே வெதுவெதுப்பாக இருப்பது அதனாலேதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே கிருமிகளின் ராஜ்யம். சூடானது 60-க்கு மேலும், குளிர்ந்தது 5-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருப்பது இதை முன்னிட்டே. வீட்டில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். கல்யாண வீடுகளில் இதைப் பன்முறை கண்டிருக்கிறோம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளின் நான்காம் அட்டவணையும், உணவைக் கையாளுகிறவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை, குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி, வெட்டிய நகம், மூடிய தலை, காயத்துக்கு நீர் புகாத கட்டு என்று வேண்டியவற்றையெல்லாம் கூறுகின்றன. 2017 முதல் மத்திய ஆணையம் நடத்திவரும் பயிற்சித் திட்டத்தில், உணவைக் கையாளும் இருபத்தைந்து பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குவதும், அதில் எழுதியிருப்பது அடுப்படிக்குப் போய்ச் சேருவதும் வேறு வேறு காரியங்கள்.

அன்று தோசைக் கல்லருகே நின்ற மாஸ்டரிடம், “நடுநடுவே கை கழுவ முடியாதா, ஐயா?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “குழாய் பின்கட்டுல இருக்குதுங்க. ஒரு தடவை போய்ட்டு வந்தா நாலு தோசை கருகிடும். நாலு தோசைக்கு முதலாளி பேசுவாரா, கை கழுவலைன்னு பேசுவாரா, நீங்களே சொல்லுங்க” என்றார். அமெரிக்காவில் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் உணவகங்களுக்குள் நின்று தொழிலாளரைக் கவனித்து வெளியிட்ட ஆராய்ச்சி அந்தச் சமயத்தில் என் நினைவுக்கு வந்தது. கை கழுவ வேண்டிய சந்தர்ப்பம் ஒரு தொழிலாளிக்கு மணிக்குச் சராசரி 8.6 முறை வந்தது. அவற்றுள் முறையாகக் கழுவியது நூற்றுக்கு 27 தடவையே. யார் அதிகம் கழுவினார்கள் என்று பார்த்தபோது, பயிற்சி அளிக்கப்பட்ட உணவகங்களில் இருந்தவர்கள் என்பதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட கழுவுதொட்டிகள் உள்ள இடங்களிலும், நின்ற இடத்திலிருந்து தொட்டி கண்ணுக்குத் தெரிந்த இடங்களிலும் இருந்தவர்கள் என்று தெரிந்தது. கையுறை போட்டுக்கொண்டவர்கள் குறைவாகவே கழுவினார்கள்; கையுறை தம் கையைத்தான் காக்கிறது, எதிரிலுள்ள இலையை அல்ல என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. தோசை மாஸ்டர் எந்த ஆராய்ச்சியையும் படியாமலே, ஒரு குழாயின் ஸ்தானத்தைப் பற்றிச் சரியான அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார்.

இப்போது மேரி மாலனிடம் திரும்புவோம். 1907-இல் அவரைப் பிடித்து நார்த் பிரதர் தீவில் தனியே வைத்தார்கள். இனிச் சமையல் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்ததன்பேரில் 1910-இல் விடுதலை செய்து, சலவைத் தொழிலில் சேர்த்துவிட்டார்கள். சலவைக்குக் கிடைத்த கூலி சமையலுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. தம் உடம்பில் நோய் இருப்பதாக மேரி கடைசிவரை நம்பவும் இல்லை; நம்பும்படி பொறுமையோடு எடுத்துச் சொன்னவர்களும் அதிகம் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் சமையலுக்குப் போனார். 1915-இல் நியூயார்க்கிலிருந்த ஒரு பிரசவ மருத்துவமனையின் சமையற்கட்டில் அவர் இருந்தபோது இருபத்தைந்து பேருக்கு டைஃபாய்டு கண்டு இருவர் இறந்தனர். அதன்பின் 1938-இல் இறக்கும்வரை தீவிலேயே இருந்தார். அவரைக் குற்றவாளியாகப் பேசுகிறவர்கள், பிழைப்பைப் பறித்துவிட்டுச் சுகாதாரத்தைக் கேட்டால் அது கிடைக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை வெகுவாக மாறிவிடவில்லை. 2013-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், பேட்டி காணப்பட்ட உணவகத் தொழிலாளரில் ஐந்தில் ஒருவர், முந்திய ஓராண்டில் ஒருமுறையேனும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தபோதே வேலைக்கு வந்ததாகச் சொன்னார். நம் ஊரில் நாட்கூலிக்கு வேலை செய்கிற கிளீனர் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் வீட்டுக்குப் போகமாட்டான். போனால் அன்றைய கூலி இல்லை, மறுநாள் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஷிகெல்லா போன்ற கிருமிகளில் பத்து முதல் நூறு உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கவைக்கப் போதுமானது. அப்படியிருக்க, நோயாளியான ஒருவர் தட்டைத் துடைத்துக் கொடுப்பதைவிட, அவருக்கு இரண்டு நாள் கூலியோடு ஓய்வு கொடுப்பது முதலாளிக்கே லாபம். நான் பழகிய முதலாளிகளில் சிலர் இதை ஒப்புக்கொண்டார்கள், பலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கெட்டவர்களென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வேதனையாகவே இருந்தது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒரு வகுப்பைச் சொல்லலாம். இருபது பேர் அமர்ந்திருந்தார்கள். பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். இன்று நம் ஊர் உணவகங்களின் அடுப்படியில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் அவர்களே. தமிழில் எழுதி ஒட்டிய எச்சரிக்கை அவர்களுக்குச் சுவரின் ஒரு பகுதி மட்டுமே. பயிற்றுநர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, நிறமில்லாத ஒரு களிம்பை எல்லோருடைய கையிலும் தேய்க்கச் சொல்லி, போய்க் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார். வந்தார்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஊதா ஒளி வீசும் சிறு விளக்கைக் காட்டினார். உள்ளங்கைகள் சுத்தமாக இருந்தன. ஆனால் கட்டைவிரலைச் சுற்றியும், நகக்கண்களிலும், விரலிடுக்குகளிலும், மோதிரத்தின் அடியிலும் களிம்பு பச்சைப் பசேலென்று ஜொலித்தது. ஒருவர் கையைத் துடைத்த துண்டை விரித்துக் காட்டினார், அதுவும் ஜொலித்தது. அறையில் ஒரு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பாஷை தெரியாத ஓர் ஒடியா இளைஞர் தம் கட்டைவிரலைப் பக்கத்திலிருந்த தமிழரிடம் நீட்டிக் காட்ட, அவர் தம்முடையதை இவரிடம் நீட்டினார். அதன்பின் சோப்பு என்ன செய்கிறது என்பதைப் பயிற்றுநர் சொன்னபோது அனைவரும் கேட்டார்கள்: கையிலுள்ள எண்ணெய்ப் பசையில் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெறுந்தண்ணீர் அந்தப் பசையின் மேல் ஓடிப்போகிறது, சோப்பு ஒரு கையால் எண்ணெயையும் மறுகையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து இழுத்துப் போகிறது, அதற்கு இருபது விநாடி தேய்க்க வேண்டும், ஈரக் கையைவிடக் காய்ந்த கையிலிருந்து கிருமி குறைவாகவே பரவும், ஆகையால் துடைக்கும் துணி சுத்தமாக இருக்க வேண்டும்.

காவிரிக் கரைச் சிற்றுண்டிச்சாலைக்கு அடுத்த ஆண்டு மறுபடி போயிருந்தேன். முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் கேட்காமலே உள்ளே அழைத்துப் போனார். தோசைக் கல்லுக்கு இடப்புறம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், முழங்கையால் திருப்பக்கூடிய நீளக் கைப்பிடி வைத்த ஒரு குழாய் புதிதாக இருந்தது; பக்கத்தில் ஒரு கயிற்றில் சோப்பு தொங்கிற்று. பெரிய சட்னி வாளியைக் காணோம். இரண்டு படி பிடிக்கும் சிறு தூக்கில் சட்னி இருந்தது. அது தீர்ந்த பிறகே அடுத்த தேங்காயை உடைக்கிறார்கள், நீட்டுவதற்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தனிக் குடத்தில் மூடி வைத்திருக்கிறார்கள். அந்த இளைஞர் மாவைக் கலக்கிவிட்டு வந்து, முழங்கையால் குழாயைத் திருப்பி, கட்டைவிரலை மற்றக் கையின் முஷ்டிக்குள் விட்டுத் திருகித் திருகிக் கழுவிக்கொண்டிருந்தார்.